எட்டில் முடிந்தவர்கள்

அந்த ஸ்டூடியோவில் படம் எடுக்கிறவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. படத்தில் சிரிக்கிறவருக்கு அதைவிட அதிக மதிப்பு. எடுத்த படங்களுக்குப் பெயர் வைக்கிறவளை மட்டும் யாரும் கண்டுகொண்டதில்லை. எல்லாரும் அவளை ஃபைல் அக்கா என்றார்கள். முதலாளி அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு வா, போ என்று பேசுவார்.

கேமரா தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைக்கும். அதை வைத்துக்கொண்டு யாரையும் அடையாளம் காண முடியாது. தொழிற்சாலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால், ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளின் டோக்கன் எண்ணையே பெயராக மாற்ற வேண்டும். அப்போதுதான் அடையாள அட்டை அச்சிடும் இயந்திரம் எந்த எண்ணுக்கு எந்த முகம் என்று பார்த்து அச்சிடும். ஒவ்வொன்றாகத் தட்டி மாற்றினால் விரல் தேய்ந்துவிடும். அதற்காக ஸ்டூடியோவின் மேக் கணினியில் ஒரு மென்பொருள் இருந்தது. படங்கள் உள்ள கோப்புறையை இழுத்து அதன் சின்னத்தின் மேல் போட்டால் போதும். உள்ளே அடுக்கி வைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே மூச்சில் மாற்றித் தந்துவிடும்.

அவள் இந்த நாற்காலிக்கு வந்த கதை சுருக்கமானது. கல்யாணமான இரண்டாம் வருடம் கணவன் ஒரு லாரியில் அடிபட்டு இறந்தான். லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதியது. வந்தவளுக்கு ராசி இல்லை என்று மாமியார் சொன்னாள். ஊர் மாமியாரைத்தான் நம்பியது. பிரேக்கைப் பழுது பார்க்காத லாரிக்காரனை அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வேறு லாரி வாங்கிவிட்டான் என்று கேள்வி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்காரியான தன் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின், இன்னொன்றில் அக்கா, அக்கா மகள், இவள். அந்த வீட்டிலும் ராசி அவள் பின்னாலேயே படியேறி வந்தது. அக்கா மகள் முதல் வேலைக்குக் கிளம்பிய காலையில் அக்கா சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, அவள் போகிற வரைக்கும் கொஞ்சம் உள்ளேயே இரேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், அடுப்பை அணை என்று சொல்வதுபோல. இவளும் உள்ளேயே இருந்தாள். அன்று இருந்தது தப்பு என்று பல நாள் நினைத்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவுக்கு ஒரு தொழிற்சாலையின் அட்டை வேலை கிடைத்தது பெரிய விஷயம். அட்டைகள் அச்சாகிப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி ஃபோன் செய்தார். முதலாளி பேசப் பேச முகம் வெளுத்தது. பத்தில் ஒருவருக்கு அட்டையே வரவில்லை. இன்னும் பத்தில் ஒருவருக்கு வந்த அட்டையில் வேறு ஆளின் முகம். காவலாளி அவர்களில் யாரையும் உள்ளே விடவில்லை. ஷிப்டில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நிற்கிறவர்களுக்கு இன்றைய கூலி கிடையாது.

முதலாளி ஃபோனை வைத்துவிட்டு நேராக அவள் மேஜைக்கு வந்தார். கவுண்டரில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சோடாபுட்டி என்று எல்லாரும் கூப்பிடும் போட்டோகிராபர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். முதலாளியின் மச்சான் கதவோரம் நின்றிருந்தான். இத்தனை பேர் முன்னால் அவர் சொன்னார்:

"அப்பவே என் வீட்டுல சொன்னாங்க, பெரிய ஆர்டர், அந்தக் கையால ஆரம்பிக்காதேன்னு. நான்தான் கேக்கல. உன் கைராசி அப்படி. எழுந்திரு, இனிமே மச்சான் பாத்துக்கட்டும். நீ லேமினேஷன் பக்கம் போ."

வேலையில் தப்பு என்று சொல்லியிருந்தால் அவள் தலை குனிந்து கேட்டிருப்பாள். வெளியே வந்த கோப்புகளை எண்ணிப் பார்க்காமல் அனுப்பியது தன் தப்பு என்று ஃபோன் வந்தபோதே அவளுக்கு உறைத்துவிட்டது. தப்பு என்றால் திருத்தலாம். ராசி என்றால் எதைத் திருத்துவது? அது ஆளையே அழுக்கு என்று சொல்வது. அழுக்கைத் தேய்க்கலாம், கழுவ முடியாத அழுக்கு என்று ஒன்றைக் கற்பனை செய்து ஒரு மனுஷி மேல் ஒட்டிவிட்டால், பிரேக் பிடிக்காத எல்லா லாரிகளும் நிம்மதியாக ஓடலாம்.

"காரணம் தெரியாம எழுந்திரிக்க மாட்டேன் சார்," என்றாள். குரல் உயரவில்லை. நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்தால் ஒழிய அவளை எழுப்ப முடியாது என்று முதலாளிக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பல்லைக் கடித்தபடி தொழிற்சாலைக்கே நேரில் போய்க் காலில் விழுந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது கணினியைத்தான். போன வாரம் மேக்கைப் புதுப்பித்திருந்தார்கள். புதுப்பித்த பிறகு சில சமயம் மென்பொருளுக்குப் படங்கள் இருக்கும் வெளி வட்டைத் தொடும் அனுமதி பறிபோகும். அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். அனுமதி இருந்தது. அடுத்து வரிசை. ஒன்றுக்குப் பிறகு பத்தை வைத்து, பத்தொன்பதுக்குப் பிறகு இரண்டை வைக்கும் பைத்தியக்காரத்தனம் சில மென்பொருள்களுக்கு உண்டு. ஆனால் எண்களின் முன்னால் அவள் பூஜ்யம் சேர்த்திருந்தாள். அதனால் அதுவும் இல்லை. அசல் படங்களைத் திறந்து பார்த்தாள். எப்போதும் நகல் எடுத்து அதன் மேல்தான் வேலை செய்வாள் என்பதால் அசல் அப்படியே பத்திரமாக இருந்தது. எல்லா முகமும் இருந்தது. அப்படியானால் முகங்கள் காணாமல் போனது பெயர் மாறும் இடத்தில்தான்.

மச்சான் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கையைப் பிசைந்தான். "அக்கா, எதுக்கு இவ்ளோ குடைச்சல்? அந்த சாஃப்ட்வேரை அழிச்சிட்டுப் புதுசா போட்டுரலாம். எல்லாம் சரியாயிடும்."

"கொலை நடந்த வீட்டைக் கழுவி விட்டுட்டுப் போலீஸைக் கூப்பிடுற மாதிரி இருக்குப்பா நீ சொல்றது."

அவன் சிரிக்கவில்லை. அது அவள் மனதில் பட்டது.

சோடாபுட்டியைக் கூப்பிட்டு, முப்பது துண்டுக் காகிதத்தில் ஒன்றிலிருந்து முப்பது வரை பெரிதாக எழுதி ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தரச் சொன்னாள். அவன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "காகிதத்துக்கெல்லாம் போஸ் குடுக்கத் தெரியாதே அக்கா," என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் தந்தான். படங்களை ஒரு கோப்புறையில் போட்டு, வழக்கம்போல இழுத்து அந்தச் சின்னத்தின் மேல் விட்டாள். முப்பது உள்ளே போனது. இருபத்தேழு வெளியே வந்தது.

எட்டு இல்லை. பதினெட்டு இல்லை. இருபத்தெட்டு இல்லை. ஒன்பது என்ற பெயருள்ள படத்தைத் திறந்தாள். காகிதத்தில் எட்டு என்று சோடாபுட்டியின் கோணல் கையெழுத்து.

மென்பொருளைத் திறந்து உள்ளே இருந்த கட்டளை அடுக்கைப் பார்த்தாள். அவள் எழுதிய நான்கும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கடியில் ஒரு சின்ன முக்கோணம், மூடியபடி. அதை அழுத்தினாள். ஐந்தாவது கட்டளை ஒன்று விரிந்தது: பெயர் எட்டில் முடிந்தால் எட்டை ஒன்பதாக்கு. அதன் கீழே இன்னொரு தேர்வு: அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதை நீக்கிவிட்டு இதை வை. வரிசை கடைசியிலிருந்து ஓடியதால், பத்தொன்பதாம் ஆள் முதலில் போய்த் தன் இடத்தில் உட்காருவார். பின்னால் வருகிற பதினெட்டு, எட்டைப் பறிகொடுத்துவிட்டு அவரைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் உட்காருவார். ஒருவருக்கு முகம் போனது, இன்னொருவருக்குப் பெயர் போனது.

அவள் திரும்பினாள். மச்சான் தரையைப் பார்த்தான்.

முதலாளிக்கு எண் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் உண்டாம். பெரிய ஆர்டர் என்று அவரிடம் போயிருக்கிறார். எட்டில் முடியும் எதுவும் ஸ்டூடியோவிலிருந்து வெளியே போகக் கூடாது, போனால் விளங்காது என்று அந்த மகான் அருளியிருக்கிறார். அவள் சாப்பிடப் போன நேரத்தில் மச்சான் இந்தக் கட்டளையைச் சேர்த்திருக்கிறான். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று கணினி கேட்டபோது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். "மாமா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு அக்கா," என்றான். அவனைத் திட்ட அவளுக்குத் தோன்றவில்லை.

மதியம் முதலாளி வந்ததும் அவள் திரையைக் காட்டினாள். அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதுவரை அவளிடம் பேசாத ஒரு மெல்லிய குரலில், சரி, நடந்தது நடந்துபோச்சு, அட்டையெல்லாம் திரும்ப அடிச்சிடு, கேட்டா மேக் அப்டேட்ல கோளாறுன்னு சொல்லிடுவோம் என்றார்.

"மேக் என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"அப்புறம் எட்டைப் பத்தியா சொல்லச் சொல்றே? ஃபேக்டரியில சிரிப்பாங்கக்கா."

"சிரிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியுதே. அப்ப அது சிரிக்கிற விஷயம்தானே சார்? என் கைராசின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அப்ப யாராச்சும் சிரிச்சாங்களா?"

அவர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அவள் ஐந்தாவது கட்டளையை நீக்கினாள். கோப்புகளை எண்ணி உள்ளே போட்டாள், எண்ணி வெளியே எடுத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லா அட்டையும் தயார்.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தையல் மெஷினை நிறுத்தி, "வேலை நிலைச்சா போதும்டி. அவர் ஏதோ கோபத்துல சொன்னாரு. மனசுல வெச்சுக்காதே," என்றாள்.

"நீ கோபத்துல சொல்லலையே அக்கா. சும்மாதானே சொன்னே, உள்ளேயே இருன்னு."

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மறுநாள் காலை அக்கா மகள் வேலைக்குக் கிளம்பியபோது இவள் வாசலிலேயே நின்று, அவள் பையின் வாரைச் சரிசெய்து அனுப்பினாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டைகளைத் தானே கொண்டுபோனாள். மச்சான் கொண்டுபோகட்டும் என்று முதலாளி சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. தொழிற்சாலை கேட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பணியாளர் அதிகாரி வெளியே வந்தார்; அவளை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா அது? உங்க ஓனர் சொன்னாரு, ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு," என்றார்.

ஆக, அந்தக் காலில் விழுகிற பயணத்தில் அவர் விழவைத்தது இவளைத்தான்.

அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை. எண்ணிப் பார்க்காதது என் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னாள். நின்றிருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். கடைசியில், எட்டில் முடியும் டோக்கன்காரர் ஒருவர், தலை நரைத்தவர், நிதானமாகக் கேட்டார்: "இருபது வருஷமா இதே நம்பர்ல உழைச்சிருக்கேன்மா. என் நம்பர் மேல அவருக்கு என்ன கோபம்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அதிகாரி சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்தார். வெளியே நின்றவர்களின் நேற்றைய கூலியை யார் தருவது என்று அவர் முதலாளியிடம் கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

அவள் ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது கவுண்டரில் கூட்டம். அவசரமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கல்யாணப் படங்கள் வட்டில் காத்திருந்தன. முதலாளி அறை வாசலில் நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மானத்தை வாங்கிட்டு வந்துட்டே. இப்ப திருப்திதானே? உக்காரு, வேலையைப் பாரு."

அவள் உட்கார்ந்தாள். கணினியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன?"

"ராசி இல்லாத கை சார். சும்மா இருக்கட்டும்."

கவுண்டரில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சோடாபுட்டி லென்ஸ் துடைப்பதை நிறுத்தினான். மச்சான் மெல்ல மேக் பக்கம் நகர்ந்தான். முதலாளி பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். எல்லாருக்கும் தெரியும், மச்சான் கை வைத்தால் இன்னொரு எட்டு கிளம்பும்.

"நான் ஏதோ..." என்று ஆரம்பித்த முதலாளி தொண்டையைச் செருமினார். "தப்பு அக்கா கையில இல்ல," என்றார், கழுத்துப் பட்டனிடம் சொல்வதுபோல.

"எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லாருக்கும் கேக்குற மாதிரியே திரும்ப எடுத்துக்குங்க சார்."

அறை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் நிமிர்ந்தார். வேறு வழி இல்லாத மனிதனின் உரத்த குரலில், "ஃபேக்டரி ஆர்டர் கெட்டது நான் சேர்க்கச் சொன்ன கட்டளையால. அக்காவோட வேலைக்கும் கைக்கும் அதுல எந்தச் சம்பந்தமும் இல்ல," என்றார். மனதார நம்பிச் சொன்னாரா என்று அவள் ஆராயவில்லை. அவருடைய மனம் அவர் பாடு. சொன்ன வார்த்தை ஊரில் இருக்கும்.

"எண்ணிப் பார்க்காதது மட்டும் என் தப்பு," என்று அவளும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு கையை மடியிலிருந்து எடுத்து, கல்யாணப் படங்களின் கோப்புறையைத் திறந்து, எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள்.