நல்லெண்ணெய் பூசிய டிஷ்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஓர்லிகோனில் எனக்குப் பக்கத்து பல்கனிக்காரர் பனிக்காலச் சனிக்கிழமைகளில் தன் சற்றலைற் டிஷ்ஷுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பார், பிள்ளையை முழுகவார்க்கப் போகிறவர் மாதிரி. ஒல்லியான மனிதர். ஹோட்டல் சமையலறையில் கொடுத்த வெள்ளைச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. எண்ணெய் பூசினால் ஐஸ் ஒட்டாது என்பது அவர் கண்டுபிடிப்பு. முதலில் தேங்காயெண்ணெய்தான் பூசிப் பார்த்தாராம். அது ஐஸுக்கு முன்னமே உறைந்துவிட்டது.

2009 தொடக்கத்தில் ஊரில் சண்டை உச்சத்தில் இருந்தது. செய்தி ஒரு நிமிடமும் அறுந்துபோகக்கூடாது என்று அப்போது தினமும் தேய்த்தார். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது.

அடுத்த பனிக்காலமும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். டிஷ்ஷின் வயர் கழற்றிச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது.

"அண்ணை, இப்ப செய்தி பாக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மே மாதமே வயரைக் கழட்டிப்போட்டன்."

"பிறகேன் எண்ணெய்?"

என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"இந்தக் குளிருக்கை அதைச் சும்மா விடேலுமோ?"

கையில் மிஞ்சியதைத் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எங்கள் கட்டடத்து டிஷ்கள் எல்லாவற்றிலும் ஐஸ். எந்த ரீவியோடும் தொடுக்காத அந்த ஒன்றில் மட்டும் இல்லை.