இருபத்துமூன்று தப்படி

சித்தூரில் நேசகுமாரைக் கேட்டால் ஊரில் பாதி ரோடு தன்னால்தான் வந்தது என்பார். உண்மையில் அவர் சர்வேயரிடம் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செயின்மேன். பத்தொன்பது வருடம் அப்படி நின்றதில் டேப் இல்லாமலே அளக்கும் வித்தை கைவந்துவிட்டது. அவருடைய ஒரு தப்படி சரியாக இரண்டரை அடி. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கூடத்தை நடந்து அளந்து, பதினாறு அடி என்று அறிவித்த பிறகுதான் காபியைத் தொட்டாராம். அந்தக் கூடத்திலேயே வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்தும் விட்டார்.

1974இல் அந்தத் தெருவை அறுபதடி ரோடாக்க உத்தரவு வந்தது. பெங்களூர் லாரிகள் போகவேண்டுமாம். தெரு நடுவில் ஓர் ஆணி அடிப்பார்கள். அங்கிருந்து இரு பக்கமும் முப்பது முப்பது அடி. அதற்குள் வருவதெல்லாம் இடிபடும். ஒரு பக்கம் மிஷன் கோயில். அதன் போர்டிகோவை நூறு வருடத்துக்கு முன் சுண்ணாம்பும் முட்டையும் அரைத்துக் கட்டியிருந்தார்கள். நாலு தூண்களும் பழகிய தோசைக்கல் போல வழுவழுப்பு. நேர் எதிரே மாமியார் ஞானமணியம்மாளின் வீடு.

“போர்டிகோ போவக் கூடாது மாப்ளே. உங்க மாமாவோட பெட்டிய அங்கதான் எறக்கி வெச்சி ஜெபம் பண்ணாங்க. என்னையும் அங்கதான் வெக்கணும். டேப்பு உங்க கையிலதானே கீது?” என்றார் அத்தை.

அத்தையின் சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நேசகுமாருக்கு வழக்கமாக உற்சாகம் பிறக்கும். அன்றைக்கு அந்தக் குரல் உடைந்தபோது நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது போர்டிகோவிலிருந்து வீட்டுவரை எண்ணினார். இருபத்துமூன்று தப்படி. அதாவது ஐம்பத்தேழரை அடி. ஆணியை வீட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி அடித்தால் போர்டிகோ தப்பிக்கும், வீட்டில் இரண்டரை அடிதான் போகும். அந்த இரண்டரை அடியில் இருந்தது, பழைய மரத்தூண்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு அத்தை கட்டிய கான்கிரீட் சன்ஷேடு. அதில் ஒரு சிமெண்டுத் தாமரை வேறு. ஒழியட்டும் சனியன் என்று நேசகுமார் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சர்வேயர் வெங்கடரமணன் டீ குடிக்கப் போன நேரத்தில், நேசகுமார் குறித்துவைத்த இடத்தில் ஆணி இறங்கியது. முப்பதாவது அடியின் சுண்ணாம்புக் கோடு போர்டிகோவைத் தொடாமல் நின்றது. நேசகுமார் விசிலடித்துக்கொண்டே டேப்பை எதிர்ப்பக்கம் இழுத்தார்.

பதினாறு அடியிலேயே சன்ஷேடு வந்துவிட்டது. விசில் நின்றது. டேப் நிற்கவில்லை. வாசற்படி ஏறி, முன்னறைக்குள் புகுந்து, அவரும் மனைவி மேரியும் படுக்கும் கட்டிலின் நடுவில் போய் முப்பதைக் காட்டியது.

அப்போதுதான் உறைத்தது. நேற்று முழங்கால் வலியென்ற அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த நடையில் தப்படிக்கு இரண்டடிதான் விழுந்திருக்கிறது.

“எந்தய்யா?” டீ குடித்துத் திரும்பிய சர்வேயர், எத்தனை அடி என்று வெளியிலிருந்து தெலுங்கில் கத்தினார்.

ஆணி நகர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் அறை தப்பிக்கும். போர்டிகோ போய்விடும். மேரிக்கு என்ன பதில் சொல்வது?

“முப்பை, சார். மஞ்சம் மீத வச்சிந்தி.” முப்பதாவது அடி கட்டில் மேல் விழுந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

சர்வேயர் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார். அத்தையிடம், “அப்யந்தரம் ஏமைனா உந்தா அம்மா?” என்று ஆட்சேபணை கேட்டார்.

அத்தை டேப்பைப் பார்த்தார். தெருவுக்கு அந்தப்பக்கம் போர்டிகோவுக்கு முன்னால் நின்றுவிட்ட கோட்டைப் பார்த்தார். மருமகனின் முகத்தையும் பார்த்தார். கணக்குப் புரிய அதற்கு மேல் நேரமாகவில்லை.

“லேது நாயனா, ராசுக்கோ” என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சர்வேயர் எழுதிக்கொண்டு போனதும் நேசகுமார் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.

“அந்தாண்ட புடிங்கோ மாப்ளே. இனிமே என் ரூம்லதான் எல்லாரும். இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்கோ. என் பெட்டியத் தூக்கிக்கினு போம்போது மரியாதன்னு ஆடி அசைஞ்சி நடக்காதீங்கோ. அறுபதடி ரோடு. லாரி வந்துச்சின்னா போர்டிகோவுல ரெண்டு பேர வெக்கறதுக்கு எடம் பத்தாது.”