காருக்குள் ஒளித்த ஸ்பீக்கர்கள்

என் முதல் கார் ரேடியோ திருடு போனது சிரம்பான் பசாருக்குப் பின்னால், பட்டப்பகலில். மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் கண்ணாடி உடைந்து சீட்டெல்லாம் சில்லுகளாகச் சிதறிக் கிடந்தது. ரேடியோ இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. புகார் கொடுக்கப் போன இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை எடுக்கும் முன்பே கேட்டார்: "எல்லாருக்கும் தெரியிற மாதிரி வச்சா எடுக்கத்தானே செய்வான்?" திருடியவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் லிங்கி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளில் ஒன்றில் இருந்தோம். என் மனைவி காலையில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போவாள், மதியத்துக்கு மேல் வீட்டில் துணி தைப்பாள். நான் ஒரு பழைய ஜப்பான் காரில் சிரம்பானுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போய் வந்தேன். அந்த நீண்ட ரோட்டில் பாட்டு ஒன்றுதான் எனக்குத் துணை. அடுத்த முறை யார் கண்ணுக்கும் படாத மாதிரி செய்வதென்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய நிழலில், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. கேசட் ரேடியோவை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் தள்ளி, அதற்கு முன்னால் பொய்யாக ஒரு மூடி போட்டேன். ஆம்ப்ளிபயர் பின்சீட்டுக்கு அடியில் போனது. பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதிக்குள் நிறுத்தி, முன்னால் பிளைவுட் பலகை அடைத்து, அதன் மேல் துணி போர்த்தினோம். திறந்து பார்த்தால் வெறும் பூட், கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் போட்டபோது பாட்டோடு சேர்ந்து இன்ஜினும் பாடியது. எண்ணெய் மிதியை அழுத்த அழுத்த ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு சத்தம். கரண்ட் ஒயரும் பாட்டு ஒயரும் ஒரே பக்கமாக ஓடியதுதான் காரணம். கார்ப்பெட்டை முழுக்கப் பிரித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் கொண்டுபோன பிறகுதான் அது அடங்கியது.

துணி வேலை முழுவதும் என் மனைவியுடையது. காரின் உள்துணிக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாத சாம்பல் துணியைத் தேடிப் பிடித்தாள். மூலைகளில் தையல் வெளியே தெரியக் கூடாதென்று உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். சரியில்லை என்று இரண்டு முறை பிரித்தாள். எல்லாம் முடிந்து பாட்டைப் போட்டபோது முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க இருந்து வருதுன்னே தெரியல லா," என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் போர்ட்டிக்சன் கடற்கரை வரைக்கும் போய், காரை விட்டு இறங்காமலே திரும்பி வந்தோம்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஸ்டாஃப் கிளப்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி இரண்டைக் காணோம் என்று தோட்டத்தில் பேச்சு வந்தது. கிளப் விருந்துகளில் வைப்பார்களே, நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் பெட்டிகள். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் தோட்ட ஆப்பீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியும், காவல்கார ஜாகாவும் வந்தார்கள். லயம் முழுக்க வெளியே நின்று பார்த்தது.

"தம்பி, ஒன் கார்ல பாட்டு கேக்குதாம், ஆனா ஸ்பீக்கரே இல்லையாம்," என்றார் கிராணி.

"இருக்குங்க ஐயா. உள்ள வச்சிருக்கேன்."

"எதுக்கு உள்ள வச்சிருக்க?"

"முன்ன வெளிய வச்சிருந்தேன், களவு போச்சு."

"சொந்தப் பொருள எவனாச்சும் ஒளிச்சு வைப்பானா?"

வெளியே வைத்தால் ஏன் வைத்தாய் என்கிறார்கள். உள்ளே வைத்தால் ஏன் ஒளித்தாய் என்கிறார்கள். எங்களைப் போன்றவன் ஒரு நல்ல பொருளை எங்கேதான் வைத்துக்கொள்வது?

"கிளப் பெட்டி இந்தக் கார்க் கதவுக்குள்ளயே நுழையாதுங்க ஐயா. நாலு ஸ்க்ரூதான். கழட்டிக் காட்டுறேன், இருங்க," என்று ஸ்க்ரூடிரைவரோடு பூட் பலகைக்கு முன்னால் குனிந்தேன். கிராணி ஜாகாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் முதல் ஸ்க்ரூவில் கை வைத்திருக்கும்போதே, என் தோளுக்கு மேலாகக் கத்தியை நீட்டி, ஜாகா துணியை மேலிருந்து கீழாகக் கிழித்தான். என் ஸ்பீக்கர்கள் தெரிந்தன. கிளப் பெட்டியில் கால்வாசி அளவுகூட இல்லை. அதைப் பார்த்த பிறகும் விடவில்லை. பின்சீட்டைத் தூக்கி, ஒயரை அறுத்து, ஆம்ப்ளிபயரை "விசாரிக்கணும்" என்று ஆப்பீசுக்கு எடுத்துப் போனார்கள்.

என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். கிழிந்த துணியை எடுத்து மடித்தாள். அழவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் கிளப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கல்யாணம் என்று இரவல் கேட்டார்களாம். கிளப் சாவியை வைத்திருந்த உதவி மானேஜர் சின்ன துரையே கொடுத்தனுப்பிவிட்டு, விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. கிராணி ஆம்ப்ளிபயரை ஓர் ஆளிடம் எனக்குத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். அவர் நேரில் வரவில்லை. நான் போய்க் கேட்கக் கிளம்பினேன்.

"நீங்க பேச வேணாம். அது என் தையல்," என்றாள் என் மனைவி.

மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், அவள் வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றாளாம். நான் அங்கே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

"கிராணி ஐயா, ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரர எல்லாரு முன்னாடியும் திருடன்னு நிக்க வச்சீங்க. பெட்டி கெடைச்சிருச்சு. அதையும் எல்லாரு முன்னாடியும் சொல்லிருங்க."

கிராணி கையிலிருந்த தாளையே பார்த்தாராம். வேலையாட்களை மேற்பார்க்கும் பழைய மண்டோர் ஒருவர், "போதும் தங்கச்சி, வேலைக்குப் போ," என்றாராம். அவள் நகரவில்லை. கடைசியில் கிராணி, தெரியாமல் நடந்துவிட்டது என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றாள். அவர் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இதற்காக என்னைத் தோட்டத்து மானேஜர் கூப்பிட்டனுப்பினார். கிழித்ததற்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவரோ என் மனைவியின் வாயைப் பற்றித்தான் பேசினார். அவளை அடக்கி வைக்க வேண்டுமாம், பெரட்டில் ஒழுங்கு கெடுகிறதாம். "அவ எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசினா," என்று மலாயில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வருடமே பாரோயில் வாடகைக்கு வீடு பார்த்துக் கிளம்பினோம். போகிற அன்று வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர், "கிராணிதான் மன்னிப்புக் கேட்டுட்டாரே, இன்னும் என்னாத்துக்குக் கோவம்?" என்றார். அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர் வாசலில் நின்று பார்த்தவர். ஒரு வார்த்தை பேசாதவர். தையல் மிஷினை லாரியில் ஏற்ற ஒரு கை பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.