பெயர் எழுத வேண்டாம்

போன வாரம் கோச்சடை வீட்டு வாசலில், பார்சல் கொண்டுவந்த தம்பி போனை நீட்டி விரலாலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மரவட்டை ஊர்ந்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. மருந்துச் சீட்டில் இதைவிட மோசமாகப் போடுகிறவன் நான் என்பது வேறு விஷயம். ஆனால் நண்பரே, என்னைத் தூங்கவிடாத கையெழுத்து ஒன்றுதான். அது போடவே கூடாத இடத்தில் போட்டது.

ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி எடுத்த காலத்தில் வைத்தியம் பார்த்ததைவிடக் கையெழுத்துப் போட்டதுதான் அதிகம். கேஸ் ஷீட், ரத்தச் சீட்டு, எக்ஸ்ரே சீட்டு. எதை எழுதினாலும் கை தானாகப் போய் அடியில் பெயரையும் நேரத்தையும் போட்டுவிடும். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில்கூட ‘மாலை 4.10’ என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஃபினாயிலும் ஈரப் போர்வையும் மணக்கும் எங்கள் வார்டுக்கு ஒருநாள் பச்சைத் தகரப் பெட்டி ஒன்று வந்தது. பயிற்சியில் என்ன குறை என்று நாங்கள் எழுதிப் போட வேண்டும், சரிசெய்வார்கள். தாளின் தலையில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று அச்சடித்திருந்தது. கூட்டாளிகள் ‘மிக நன்று’ என்று எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

எனக்கு முந்தின வாரத்து மாலை ஞாபகம் வந்தது. நோயாளி மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஊசி குத்தி அதை எடுக்க வேண்டும். பக்கத்தில் சீனியர் நிற்க வேண்டும், நிற்கவில்லை. இரண்டு முறை வேடிக்கை பார்த்த தைரியத்தில் தனியாகக் குத்தினேன். அவர் உதடு நீலமானது. சிஸ்டர் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்தார். அவர் பிழைத்துக்கொண்டார். நான் இன்னும் முழுதாகப் பிழைக்கவில்லை.

‘மாலையில் மேற்பார்வைக்கு யாரும் வருவதில்லை. தெரியாத காரியத்தைத் தனியாகச் செய்தேன். நோயாளி பிழைத்தது தற்செயல்’ என்று எழுதிப் போட்டேன். தாள் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. அடியில் என் பெயர். நேரம்கூட.

வார்டின் தலைமை டாக்டர், எங்கள் சீஃப், கோபித்தால் பயிற்சி முடித்த சான்றிதழ் வராது. பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீளும், எக்ஸ்டென்ஷன். ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கியைப் பெட்டியின் துளைக்குள் விட்டுத் துழாவினேன். மாட்டியது யாரோ எழுதிய ‘மிக நன்று’.

“பெட்டிக்கு என்ன வியாதி டாக்டர்?” என்றார் சிஸ்டர், ஊசிகளை எண்ணியபடியே.

மறுநாள் இன்னும் மோசமான செய்தி வந்தது. பெட்டியைத் திறந்து தொகுத்துத் தரும் பொறுப்பு ஞானராஜ் அண்ணனுக்கு. ஆனையூர்க்காரர், வாத்தியார் மகன், மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் சீனியர். அன்று மாலை வராமல் போனவரே அவர்தான்.

அவர் பெட்டியைத் திறந்தார். எப்போதும் ‘மாப்ள’ என்று கூப்பிடுகிறவர் ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நான்காம் நாள் மருந்து அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். தாளைக் காட்டி இது யார் கையெழுத்து என்றார். என்னுடையது மாதிரிதான் இருக்கிறது என்று முனகினேன். அண்ணன் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு மாடி வார்டுல ஒரு அம்மாவுக்கு வலிப்பு. ரெண்டு வார்டுக்கும் நான் ஒருத்தன். யார்ட்ட போய்ச் சொல்ல?”

கிழித்துவிடலாம்ணே என்று கையை நீட்டினேன். தரவில்லை.

“கிழிச்சிட்டா அம்புட்டுதான். அடுத்த ஆளு பொழைக்க மாட்டாரு.”

பேனாவை எடுத்து என் பெயருக்கு அடியில் தன் பெயரைப் போட்டார். நேரமும் போட்டார். தாளோடு சீஃப் அறைக்குள் தனியாகப் போனார்.

பெட்டி அடுத்த நாளே காணாமல் போனது. மாதம் முடிவதற்குள் மாடிக்குத் தனி சீனியர் வந்தார். எனக்குச் சான்றிதழ் நாள் தவறாமல் கிடைத்தது. எக்ஸ்டென்ஷன் வந்தது அண்ணனுக்கு. உள்ளே என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

இன்று அந்தக் கட்டடம் இல்லை, அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கேஸ் ஷீட் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. இப்போது பயிற்சி டாக்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. அவர்கள் கருத்தெல்லாம் சதவீதம் காட்டும் வண்ண வட்டங்களாக என் போனுக்கு வருகிறது. போன மாதம் வட்டங்களுக்கு அடியில் ஒரு வரி: ‘மாலையில் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை.’

பெயர் இல்லை. வார்டு இல்லை. நேரம் இல்லை. எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அன்று மாலை எல்லா வார்டுக்கும் நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பயிற்சிப் பிள்ளை எழுந்து நின்று, “எல்லாம் நல்லாருக்கு சார்” என்றது.