வெள்ளிக்கிழமையும் ஒரு நாளா?

எனக்கு முன்கோபம். தெருவுக்கே தெரியும், எங்கள் மாட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தை மாதம் அது கன்று போட முடியாமல் திணறியபோது, பொறுக்கமாட்டாமல் திருத்தணி மலையைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "முருகா, கன்னு நல்லபடியா வந்துச்சுன்னா ஆடிக் கிருத்திகைக்கு இது பாலையே குடத்துல கொண்டாந்து ஊத்தறேன்!" கால் மணி நேரத்தில் கன்று வந்தது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

ஆடியும் வந்தது. கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாட்டுக்கு மடி வீங்கிக்கொண்டது. தொட்டால் உதைத்தது, பால் திரிதிரியாக வந்தது. கால்நடை டாக்டரம்மா மூன்று நாள் தொடர்ந்து வந்து ஆன்ட்டிபயாடிக் ஊசி போட்டார். கடைசி ஊசி வெள்ளிக்கிழமை சாயந்திரம்.

"இதுக்கப்புறம் நாலு நாளு பாலை நீங்களும் குடிக்காதீங்க, யாருக்கும் ஊத்தாதீங்க. கறந்து குழியில கொட்டிடுங்க. மருந்து பால்ல இறங்கும். சில பேருக்கு அது ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சிப் போயிடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுபவர். இழை எண்ணுவதில் கெட்டிக்காரர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. உடனே விரலை மடக்கினார்.

"வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு ஆச்சா? செவ்வாக்கிழமை கிருத்திகை. அன்னிக்குக் காலைல கறக்கற பாலு சுத்தம். உன் முருகன் கணக்குப் பண்ணித்தான் வெச்சிகினு இருக்கான்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. கல்யாணமோ கருமாதியோ, அன்றைய நாளையும் சேர்த்து எண்ணித்தானே நமக்குப் பழக்கம்?

செவ்வாய் விடியற்காலையில் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பாலைக் கறந்து பித்தளைக் குடத்தில் நிரப்பினேன். குடத்தின் வாயைக் கட்டத் துணி தேடி அடுப்படிக்குப் போனால், மூலையில் தட்டு போட்டு மூடிய ஒரு குண்டான். நான் வைத்ததில்லை. திறந்தேன். உள்ளே பால்.

"இன்னாங்க இது?"

"முந்தாநேத்துப் பாலு. கீழ கொட்ட மனசு வரலே. மோரு ஊத்தித் தயிராக்கினா மருந்து போயிடும்னு நெனச்சேன்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

ஒன்றரை நாளாகியும் அது உறையவில்லை. என் வாய் மட்டும் நிறுத்தாமல் பொரிந்து தள்ளியது. திட்டித் தீர்த்த பிறகுதான் பித்தளைக் குடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாலை உறைய விடாத மருந்து இன்றைய பாலிலும் இருந்தால்? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம்தானேம்மா ஊசி போட்டேன்? இன்னிக்குச் சாயந்திரம்தான் நாலு நாள் முடியுது. வெள்ளிக்கிழமையை எப்படி முழு நாளா எண்ணுனீங்க? அப்புறம், தயிரை வெச்சி முடிவு பண்ணாதீங்க. உறைஞ்சாலும் மருந்து மிச்சம் இருக்கலாம். நேரந்தான் கணக்கு."

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் விடவில்லை. "சாமி தலைல ஊத்தறதுதானே? சாமிக்கு உடம்பு தடிக்குமா இன்னா?"

போனில் அது டாக்டரம்மாவுக்கும் கேட்டுவிட்டது. "சாமி தலைல ஊத்தின பாலு அப்புறம் எங்க போவுது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நானே உள்ளங்கையில் வாங்கிக் குடித்திருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு குழந்தை இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கவிழ்த்தேன். குண்டானையும் கவிழ்த்தேன். பிறகு மஞ்சள் புடவையோடு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தெருவில் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன, அரோகரா சத்தம் காதைப் பிளந்தது. ஆடிக் கிருத்திகை என்று சொன்ன வாய் என்னுடையது. அதைக் காப்பாற்ற முடியவில்லை.

வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பயந்து இரண்டடி தள்ளியே நின்றார். "மலைல மொத்தம் முந்நூத்தி அறுவத்தஞ்சி படி. வருசத்துல எல்லா நாளுக்கும் ஒரு படி வெச்சிகினு உக்காந்திருக்கான். நாளைக்குன்னும் ஒரு படி இருக்குமே?"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

புதன்கிழமை காலையில் புதுப்பால் கறந்து மலையேறினோம். பாதி வழியில் குடத்தை அவர் தோளுக்கு மாற்றினேன். கணக்கைத் தப்பாகப் போட்டவர் சுமக்கட்டும். மேலே கூட்டம் குறைந்திருந்தது. அபிஷேகம் முடிந்து குருக்கள் பாலைக் கொடுக்கத் தொடங்கினார். எனக்கு முன்னால் ஒரு பொடிசு இரண்டு கையையும் நீட்டி வாங்கி, உறிஞ்சிக் குடித்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே இன்னொரு முறை கையை நீட்டியது.

"இன்னும் கொஞ்சம் குடுங்க சாமி, எங்க மாட்டுப் பாலுதான்" என்றேன்.