எதிரே நின்ற மூக்கன்

ஐம்பத்தாறாம் வருடத்து மழையில், தேயிலை மலையின் தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்து சோலைமலையின் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்க மறுத்தன. முதிர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் கழிக்கும் கவ்வாத்து வேலையில் இலங்கை மலைநாட்டு டிக்கோயாப் பக்கம் அவனை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். இப்போது அவனால் கத்தி பிடிக்க முடியவில்லை.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "இந்த மலையில கவ்வாத்து முடியிறதுக்குள்ள நீ வெட்டிக் காட்டணும். இல்லேன்னா பேரை எடுத்துருவேன்."

தோட்டத்துப் பதிவில் பேர் போனால், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். சோலைமலை இடது கையில் கத்தியை எடுத்தான். கங்காணி பொன்னையாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி கும்பிட்டு எடுத்த கத்திய பீச்சாங்கையால தொடுறியேடா!"

சாமி ஒன்றும் செய்யவில்லை. கைதான் சதி செய்தது. வெட்டுக்கு வெட்டு பட்டை கிழிந்தது. பட்டை கிழிந்தால் தண்ணீர் இறங்கிக் கிளை அழுகிவிடும்.

அதே மலையில் வேலை செய்து, அவனுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு இதுதான் வேடிக்கையாக இருந்தது. இருபது வருடம் செய்த வேலை தலைக்குத் தெரிகிறது, பக்கத்துக் கைக்குத் தெரியவில்லையே! வீட்டில் விறகைச் சீவிச் சீவிப் பழகினான். அவன் பெண்சாதி பேச்சியம்மாவின் அடுப்புக்குச் சுள்ளிப் பஞ்சமே இல்லை. சோற்றை மட்டும் அந்த மடங்காத வலது கையாலேயே அள்ளிப் பாதியைச் சிந்துவான். "மத்தக் கையால சாப்பிட்டா என்னங்க?" என்று அவள் கேட்டால் தட்டு பறக்கும்.

மலையில் கூட்டாளி மூக்கனுக்குப் பின்னால் நின்று அவன் வெட்டுவதைப் பார்த்தான். எல்லோரும் அப்படி நின்றுதான் பழகுவார்கள். இவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருநாள் தேத்தண்ணி வாளி மேல்பக்கம் வந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு செடிக்கு அந்தப்புறமாக, மூக்கனுக்கு எதிரே உட்கார்ந்தான். மூக்கனின் வலது கை ஓங்கியபோது, அதற்கு நேரே இருந்த இவனுடைய இடது கை தானாக எழுந்தது.

"மூக்கா, நிறுத்தாத. மெதுவா வெட்டு."

"ஒனக்கு என்னடா ஆச்சு?"

"நீ மணிக்கட்ட அசைக்கவே இல்லயேடா! முழங்கையிலேருந்து இழுக்கிற. நானும் இப்படித்தான் வெட்டுனேனா?"

அன்றிலிருந்து ஒரே செடிக்கு இருபுறமும் இருவரும் நின்றார்கள். மூக்கன் ஓங்கினால் இவன் ஓங்குவான். பார்த்தவர்கள் கும்மி என்று கேலி செய்தார்கள்.

கடைசி வரிசையில் கண்டாக்கு வந்து நின்றார். "மூக்கன் தள்ளிப் போகட்டும். நீ மட்டும் வெட்டு."

எதிரே ஆளில்லை. மூக்கன் நின்ற இடத்தையே சோலைமலை சற்று நேரம் பார்த்தான். பிறகு கை ஓங்கியது. வெட்டுவாயைக் கண்டாக்கு கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பட்டை கிழியவில்லை.

"நாளைக்கு அடுத்த மலைக்கு வா."

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

"வெட்டுன கையால சாப்பிடுங்க," என்றாள் பேச்சியம்மா.

தட்டு பறக்கும் என்று காத்திருந்தேன். கதவு சாத்தப்பட்டது. கொஞ்சம் கழித்து அவள் சிரிப்பது கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தே கிடந்தது; அவன் இடது கை தட்டில் இருந்தது.