புகாரே வராத பூங்கா

உதட்டில் மூன்று ஆணிகளைக் கவ்வியபடி, கவிழ்த்துப்போட்ட பூங்கா பெஞ்சின் கால்களில் அவள் மரக்கட்டை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு நாலு விரல் உயர்ந்தால்தான் முட்டி அறுவை செய்துகொண்டவர்கள் அடுத்தவர் கை பிடிக்காமல் எழ முடியும். தாழ்ந்த பெஞ்சில் உட்காருவது சுலபம், எழுவதுதான் பெரும்பாடு. முந்தின நாள் மாலை, தினமும் நடக்க வரும் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் எழுந்திருக்கப் பார்த்து மூன்று தடவை பொத்தென்று உட்கார்ந்ததை அவள் கவனித்திருந்தாள். மறுநாளே கட்டை வெட்டி எடுத்து வந்துவிட்டாள்.

பதினோரு வருடமாக அந்தப் பூங்காவின் காவல், தோட்ட வேலை, குழாய் வேலை எல்லாம் அவள்தான். மாலை ஏழு மணிக்கு அவள் விசில் ஊதினால் கூட்டம் கலையும். அதனால் பேர் விசிலக்கா. எண்பது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஆணியெல்லாம் இறங்கி, பெஞ்சை நிமிர்த்திய நேரத்தில், கையில் கோப்போடு ஒரு பெண் வந்து நின்றாள். மாவட்ட அலுவலகத்தில் வரவு செலவுத் திட்டம் போடும் பிரிவின் எழுத்தர். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க இவ்வளவு பேர் வர்றாங்களா?"

"இன்னிக்கு வெயிலு. கம்மிதான்."

எழுத்தர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். புது விளையாட்டு அரங்கம் கட்ட மாவட்டம் பெரிய கடன் வாங்கியிருக்கிறது. அடுத்த வருடத் தவணைக்குப் பணம் துண்டு விழுகிறது. இந்தப் பூங்காவை மூடி, இடத்தை வண்டி நிறுத்தத்துக்குக் குத்தகை விட்டால் சரிக்கட்டலாம் என்று திட்டத்தில் எழுதியாயிற்று.

"யானையை வாங்கிட்டு, தீனிக்கு ஆட்டுக்குட்டிய விக்கிறீங்களா? அதுவும் ஏன் என் பூங்கா?"

"இங்க ஆளே வர்றதில்லன்னு எடுத்துக்கிட்டாங்கக்கா."

"எந்தக் குருடன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. அதான் வினையே. மத்த பூங்காவுலேர்ந்து மாசம் முப்பது புகார் வருது. இங்கேர்ந்து பதினோரு வருஷமா ஒண்ணுகூட வரல. புகார் இல்லன்னா புழக்கம் இல்லன்னு கணக்கு. எனக்குத்தான் சந்தேகமா இருந்துச்சு, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

விசிலக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். புகாரே வராத பூங்கா என்பதுதான் அவள் தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் ஒரே விஷயம்.

"ஒன்பது நாள்ல மாவட்ட சபையோட பொதுக் கூட்டம். அதுலதான் இந்தத் திட்டத்த ஓட்டுக்கு விடுவாங்க. அதுக்குள்ள வர்ற புகார் ஒவ்வொண்ணையும் சபையில படிச்சே ஆகணும்னு விதி இருக்கு. பொய் மட்டும் வேணாம். பொய்னு தெரிஞ்சா என் வேலையும் போகும், உங்க பூங்காவும் போகும்" என்றாள் எழுத்தர்.

"பொய் சொல்லாம என் பூங்காவுல என்னம்மா புகார் சொல்ல முடியும்?"

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார்.

"அழுற பிள்ளைக்குத்தான் பால். உன் பிள்ளை சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, மறந்துட்டாங்க."

"நான் வயிறு எரிஞ்சு சொல்றேன், உங்களுக்கு விளையாட்டா?"

"முப்பது வருஷத்துல உன்மேல நானும் ஒரு புகார் குடுத்ததில்ல. அதான் இப்படி ஒருத்தன் இருக்கிறதே உனக்கு மறந்துபோச்சு."

மறுநாள் வாசலருகே மேசை போட்டு, புகார்த் தாள்களைப் பறக்காமல் கல் வைத்து அடுக்கினாள். ஒருவரும் தொடவில்லை.

"உன்மேல புகாரா? எழுதுற கை அழுகிப்போயிடும்க்கா" என்றார் கம்பவுண்டர்.

"எழுதலன்னா அடுத்த வருஷம் ரோட்டுலதான் நடக்கணும், பாத்துக்குங்க."

கம்பவுண்டர் பேனாவை வாங்கினார். எழுத ஆரம்பித்தவருக்கு ஒரு தாள் போதவில்லை, இன்னொன்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஊஞ்சல் இரண்டே இரண்டு, பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். வேர் தூக்கிய நடைபாதையில் கால் தடுக்குகிறது. பின்மூலையில் விளக்கு இல்லை. பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்கிறது. விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. அக்கா எல்லாரையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதட்டுகிறாள். இதை மட்டும் இருபத்தாறு பேர் எழுதியிருந்தார்கள்.

மாலைக்குள் அவள் முகம் சுண்டிப்போனது.

"இத்தனையும் மனசுல வச்சுக்கிட்டா என்கிட்ட பல்லைக் காட்டிட்டு இருந்தீங்க?"

"நீ கேக்கவே இல்லியேக்கா!" என்றார் கம்பவுண்டர், மூன்றாவது தாளை மடித்தபடி.

தாழ்ப்பாளை மட்டும் அன்றே சரிசெய்துவிட்டு, அந்தத் தாளிலேயே அதைக் குறித்தாள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் சபையா வந்து கதவைத் திறக்கும்?

கூட்டத்தன்று புகார்க் கட்டில் இருநூற்றுப் பதினான்கு தாள்கள் இருந்தன. ஊழியர்கள் சபையில் பேசக் கூடாது. அதனால் விசிலக்கா கடைசி வரிசையில், கணவருக்குப் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பற்றிய குறைகளை ஊரே கேட்கப்போகிறது. அதற்கு அப்புறமும் பூங்கா போய்விட்டால் மானமும் போச்சு, வேலையும் போச்சு.

எழுத்தர் ஒன்று, இரண்டு என்று படித்துக்கொண்டே போனாள். நாற்பதாவதில் சபைத் தலைவர் தண்ணீர் குடித்தார். அறுபதாவதில், "மொத்தமாச் சுருக்கிச் சொல்லக் கூடாதாம்மா?" என்றார்.

"விதியில இடமில்லைங்க" என்று அறுபத்தொன்றுக்குப் போனாள் எழுத்தர்.

தொண்ணூற்றேழாவது புகார்: "இந்தப் பூங்காவால் என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருப்பதில்லை. இன்னொரு ஆளை வேலைக்குப் போடவும். இப்படிக்கு, தையல்காரர்."

சபை கொல்லென்று சிரித்தது. விசிலக்கா கணவரின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"உண்மையத்தானே எழுதச் சொன்ன?" என்றார் அவர், தொடையைத் தேய்த்துக்கொண்டே.

கடைசித் தாளும் முடிந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா நடக்கும்போதே இத்தனை பேர் திட்டுறாங்க. மூடினா நம்மள சும்மா விடுவாங்களா? தவணைக்கு வேற வழி இருக்கா?"

எழுத்தர் வழியைத் தயாராக வைத்திருந்தாள். ஆட்டமே இல்லாத நாட்களிலும் அரங்கத்தில் பெரிய விளக்குகள் எரிகின்றன. அவற்றை அணைத்தால் மிச்சமாகும் மின்கட்டணம் துண்டு விழும் பணத்தில் பாதியை அடைக்கும். மீதிக்குக் கடன் காலத்தை ஒரு வருடம் நீட்டிக் கேட்கலாம். கடைசியில் வட்டி கொஞ்சம் கூடும் என்பதையும் அவள் மறைக்கவில்லை. சபை கணக்கைப் பார்த்தது, கையைத் தூக்கியது. பூங்கா பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டு ஊஞ்சலுக்கும் ஒரு விளக்குக்கும் பணம் ஒதுக்கினார்கள். இன்னொரு ஆள் மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் கம்பவுண்டர் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஒரே கூச்சல்.

"ஏங்க, நான் அதட்டுறேன்னு எழுதின இருபத்தாறு பேரும் யாரு யாரு? முன்னால வாங்க பாப்போம்!" என்று அவள் அதட்டினாள். ஒருவரும் வரவில்லை. சிரிப்பு மட்டும் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து ஒரு சுற்று வந்தாள். பிள்ளைகள் இருபுறமும் உட்கார்ந்து ஏறி இறங்கும் ஏற்றப்பலகையின் போல்ட் தளர்ந்து ஆடியது. ஸ்பேனரை எடுத்தவள், அதைப் புல்லில் வைத்துவிட்டு அறைக்குப் போய் ஒரு புகார்த் தாளை எடுத்தாள். தேதி போட்டு, "ஏற்றப்பலகை போல்ட் தளர்ந்துள்ளது" என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, மாவட்ட அலுவலக முகவரி எழுதிய உறையில் போட்டு ஒட்டினாள். அப்புறம் வந்து போல்ட்டை முறுக்கினாள்.